அந்த ஏரியில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும்?

அன்பு மருமகனுக்கு,

டிரெஸ்டனில் நீயும் உன் அறைத் தோழர்களும் நலம் என்று உன் அப்பா போனில் சொன்னார். ஆகஸ்டில் பரீட்சை முடிந்ததும் நான்கு பேராக டென்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகிறீர்களாம். மிகவும் நல்ல காரியம். நீ அனுப்பிய படங்களும் வந்தன, "இதில் எது ரொம்ப அழகு, சொல்லுங்க அத்தை" என்ற கேள்வியும் வந்தது. எல்லாமே அழகுதான். ஆனால் இரவு படுத்து, காலையில் எழ ஓர் இடம் தேடுகிறவன் கேட்க வேண்டியது வேறு. அந்த அழகு எந்த மாதத்தில் அங்கே இருக்கும், இரவில் அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே தங்க உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. படத்தைப் பார்த்து மாடு வாங்கக் கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். முகாமிடமும் அப்படித்தான்.

நீ அனுப்பிய முதல் படத்திலிருந்தே தொடங்கலாம். பாறை விளிம்பில் ததும்பி நிற்கும் பச்சைக் குளம், அதற்குக் கீழே கோனிக்ஸே ஏரி, பின்னால் ஆல்ப்ஸ் மலை. கோனிக்ஸ்பாக் அருவி செதுக்கிய குளம் அது. உலகமெங்கும் லட்சக்கணக்கான கைபேசிகளில் சுற்றிய படம். அந்தப் படத்தை நம்பி ஏறியவர்கள் புதர்களுக்குள் புதிதாகப் பல ஒற்றையடிப் பாதைகளை மிதித்து உண்டாக்கினார்கள், குப்பை போட்டார்கள், தீ மூட்டினார்கள், சிலர் டென்ட்டும் போட்டார்கள். 2019 ஏப்ரலில் இரண்டு இளைஞர்கள் அந்தக் குளத்தில் மூழ்கி இறந்தார்கள். பனி உருகி வரும் மாதத்தில் அந்த நீரின் குளிர் எத்தனை என்பதையும், அருவியின் இழுப்பு எத்தனை என்பதையும் படம் சொல்லவில்லை. 2021 கோடையில் மாவட்ட நிர்வாகம் அந்த இடத்தையே ஐந்தாண்டுகளுக்கு மூடியது. மிதிபட்ட செடிகொடிகள் மீண்டும் தழைக்கட்டும் என்பது காரணம். ஆகவே அந்தப் படத்தை எடுத்து வைத்துவிடு. அது போய்ச் சேர வேண்டிய இடமல்ல.

கோனிக்ஸேவை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஏரி பெர்ஹ்டெஸ்காடன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1978இல் அமைந்த பூங்கா. அதற்குள் கூடாரம் போட அனுமதி கிடையாது. ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே, ஏரிக்கு வரும் வழியில், ஷோனாவ் கிராமத்தில் முறையான கேம்பிங் தளங்கள் இருக்கின்றன. அங்கே தங்கி, காலை முதல் படகைப் பிடிக்கலாம். 1909 முதல் அந்த ஏரியில் மின்படகுகள்தான் ஓடுகின்றன. அதனால்தான் 2,713 மீட்டர் வாட்ஸ்மான் மலையின் சுவருக்கு முன்னால் நிற்கும்போது தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கிறது. பகல் கூட்டம் வருவதற்கு முன் அதைப் பார்க்க முடிவது, பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு மட்டும்தான். நல்ல முகாமிடத்தின் பயன் இதுவே: காட்சிக்குள்ளேயே தூங்க வேண்டாம், காட்சிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேரும் தூரத்தில் தூங்கினால் போதும்.

உரிமை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நார்வேயிலும் சுவீடனிலும் வீடுகளை விட்டு விலகிய, பயிரிடாத நிலத்தில் யாரும் ஓர் இரவு கூடாரம் போடலாம் என்ற உரிமை சட்டமாகவும் வழக்கமாகவும் இருக்கிறது. உன் தோழர்களில் ஒருவன் அதைக் கேள்விப்பட்டு ஜெர்மனிக்கும் பொருந்தும் என்று நினைத்திருப்பான். பொருந்தாது. ஜெர்மன் காடுகளில் நடக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. கூடாரம் போட அந்த உரிமை நீளாது. பிராண்டன்பர்க், மெக்லென்பர்க் போன்ற சில வட மாநிலங்களில், நடந்தோ சைக்கிளிலோ துடுப்புப் படகிலோ வருகிறவர், பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, நிலத்துக்காரர் சம்மதித்தால் ஓர் இரவு தங்கலாம். மற்ற இடங்களில் அபராதம். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தேசியப் பூங்காவுக்குள் என்றால் கனமாகவே இருக்கும்.

காட்டுக்குள்ளேயேதான் தூங்க வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு நேர்வழி உண்டு. பிரான்ஸ் எல்லையை ஒட்டிய பாலட்டினேட் காட்டிலும், கருங்காட்டிலும், ஐஃபெல் மலையிலும் நடைப்பயணிகளுக்கென்றே சிறு முகாம்களை அமைத்திருக்கிறார்கள். ஐஃபெலில் மரப்பலகை மேடை ஒன்று, அதன்மேல் இரண்டு சிறு கூடாரங்களுக்கு இடம், பக்கத்தில் ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். பாலட்டினேட் காட்டில் முன்பதிவு செய்தவனுக்கு மட்டுமே இடம் எங்கே என்று தெரிவிப்பார்கள். கார் போகாது, முதுகுப்பையோடு நடந்துதான் போக வேண்டும். தண்ணீரையும் சுமக்க வேண்டும். கார் இல்லாத மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. இடங்கள் மிகக் குறைவு என்பதால் கோடைச் சனிக்கிழமைகள் வசந்தத்திலேயே தீர்ந்துவிடும், வாரநாளில் தேடு.

அடுத்தது நட்சத்திரங்கள். கேம்பிங் தளங்களுக்கு இங்கே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள். ஐந்து நட்சத்திரத் தளம் என்றதும் கண்கொள்ளாக் காட்சி இருக்கும் என்று நினைத்துவிடாதே. அந்த நட்சத்திரங்கள் குளியலறையையும் வரவேற்பறையையும் மின் இணைப்பையும் எண்ணிப் பார்த்துக் கொடுக்கப்படுபவை. மலைமுகட்டைப் பார்த்த புல்வெளி ஒன்று இரண்டு நட்சத்திரத்தோடு இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்துத் தளம் நீச்சல்குளத்தோடு ஐந்து வாங்கியிருக்கும். சிறு குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்த ஐந்து தேவை. உங்களுக்கு வெந்நீர் வருகிற ஒரு குளியலறையும், பாத்திரம் கழுவ ஓர் இடமும் போதும்.

இனி அத்தை முக்கியமாகச் சொல்ல நினைப்பது. நம் தொல்காப்பியம் நிலத்தைச் சொல்லும்போது அதற்குரிய பொழுதையும் சேர்த்தே சொல்கிறது என்று பள்ளியில் படித்திருப்பாய். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், நெய்தலுக்குச் சூரியன் சாயும் வேளை, மருதத்துக்கு விடியல். நிலமும் பொழுதும் இரண்டும் சேர்ந்ததுதான் முதற்பொருள். கூடாரம் போடப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. ஜெர்மனியில் இதற்குச் சரியான சான்று ஃபோர்கன்ஸே.

நீ அனுப்பியதில் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை தெரியும் ஏரிப்படம் ஒன்று இருக்கிறதல்லவா, அதுதான். பார்த்தால் ஆதிகாலத்திலிருந்து இருக்கும் ஏரி போலத் தோன்றும். உண்மையில் அது லெஹ் ஆற்றில் அணை கட்டி 1954இல் உண்டான நீர்த்தேக்கம். ஃபோர்கன் என்ற சிற்றூர் அதற்குள் மூழ்கியது. அதன் பெயரைத்தான் ஏரி சுமக்கிறது. மலைப்பனி உருகி வரும் வெள்ளத்தைத் தாங்குவதற்காக இலையுதிர் காலத்தில் ஏரியை இறக்கிவிடுவார்கள். ஜூன் வாக்கில் மறுபடி நிரம்பும். ஏப்ரலில் போய் நின்றால் கோட்டை இருக்கும், மலை இருக்கும், முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் சரளையும்தான் இருக்கும். 2018இல் அணையில் பழுதுபார்ப்பு வேலை நடந்ததால் கோடை முழுவதும் ஏரி நிரப்பப்படவே இல்லை. கரையோரத்துக் கேம்பிங் தளங்களில் முன்பதிவு செய்திருந்தவர்கள் ஏரி இல்லாத ஏரிக்கரையில் தங்கினார்கள். ஆகஸ்டில் போகும் உனக்கு ஃபோர்கன்ஸே நல்ல இடம். ஈஸ்டர் விடுமுறைக்குப் போகும் தோழனுக்கு அதற்கு அருகிலேயே இருக்கும் பான்வால்ட்ஸே நல்ல இடம். அது இயற்கை ஏரி, ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கும்.

ஹெஸ்ஸன் மாநிலத்து ஏடர்ஸே இதற்கு நேரெதிர். அது வசந்தத்தில் நிறைந்திருக்கும், கோடை முதிர முதிர இறங்கும். 1908 முதல் 1914 வரை கட்டிய அந்த அணையின் வேலை, கீழே வேசர் ஆற்றிலும் கால்வாயிலும் கப்பல் ஓடத் தண்ணீர் கொடுப்பது. மழை குறைந்த ஆண்டில் ஆகஸ்ட் இறுதிக்குள் நீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அப்போது மூழ்கிய ஊர்களின் அடித்தளங்களும், ஆஸல் என்ற ஊரின் பழைய கல்பாலமும் வெளியே வந்து நிற்கும். அதைப் பார்க்கவே கூட்டம் போகிறது. அணைக்குள் மூழ்கிய கோயில் கோபுரம் கோடையில் தலைகாட்டும்போது பார்க்கப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆவல் புரியும். நீந்த நினைத்துப் போனால் ஏமாற்றம், பாலத்தில் நடக்க நினைத்துப் போனால் பாக்கியம். எதற்காகப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஹார்ட்ஸ் மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,141 மீட்டர் ப்ரோக்கன் சிகரத்தைச் சுற்றிக் கரும்பச்சைக் காடு போர்த்திய படங்கள் இன்னும் எல்லா விளம்பரத் தாள்களிலும் வருகின்றன. 2018இல் தொடங்கிய வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து அந்த ஸ்ப்ரூஸ் மரங்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டன. இப்போது சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள் நிற்கின்றன. அவற்றின் காலடியில் இளம் பிர்ச் கன்றுகள் எழுகின்றன. ஒரு காடு செத்துப் பிறப்பதை நேரில் பார்ப்பது பெரிய அனுபவம், போகத் தக்க இடம்தான். ஆனால் நிழல் தேடிப் போகாதே. எந்தத் தளமானாலும் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று பார். இந்த ஆண்டு போய்வந்தவர்கள் போட்ட படத்தைத் தேடு.

இரவு. இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. நீ ஆசைப்படும் லோரலை பாறை, ரைன் நதி, திராட்சைத் தோட்டங்கள், இடிந்த கோட்டைகள்: அந்த நடு ரைன் பள்ளத்தாக்கு 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 132 மீட்டர் பாறையை எதிர்க்கரையிலிருந்து பார்த்தபடி டென்ட் போடக்கூடிய தளம் உண்மையிலேயே இருக்கிறது. பகலில் அதற்கு ஈடில்லை. ஆனால் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கின் இரு கரையிலும் ரயில் பாதை ஓடுகிறது. ஐரோப்பாவின் முக்கியமான சரக்குப் பாதைகளில் ஒன்று அது. சரக்கு ரயில்கள் இரவில்தான் அதிகம் ஓடும். மலைச்சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். தடுப்புச் சுவர் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஓர் இரவு தங்க லோரலை சரி. ஒரு வாரம் என்றால் மொசெல் ஆற்றின் வளைவுகளில் ரயில் பாதை விலகிப் போகும் பகுதியைப் பார். வரைபடத்தில் ரயில் பாதை கறுப்புக் கோடாக இருக்கும். அதைப் பார்க்காமல் எந்த ஆற்றங்கரைத் தளத்துக்கும் பணம் கட்டாதே.

இரவின் காட்சி வானம்தான் என்பதையும் மறக்காதே. பெர்லினுக்கு மேற்கே வெஸ்ட்ஹாவல்லாண்ட் பகுதி 2014இல் ஜெர்மனியின் முதல் நட்சத்திரப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது; விளக்கு வெளிச்சம் குறைந்த, இருட்டைக் காக்கிற பகுதி. நடு ஜெர்மனியின் ரோன் மலைக்கும் அதே ஆண்டு அந்தப் பெருமை கிடைத்தது. ஆகஸ்ட் 12, 13 வாக்கில் எரிகற்கள் பொழியும் பெர்சியட் இரவுகள் வருகின்றன. நிலா இல்லாத ஆண்டாக அமைந்தால் அங்கே புல்லில் படுத்துக்கிடக்கும் இரவு, எந்த மலைமுகட்டுக்கும் குறைந்ததல்ல. நகரத்துப் பிள்ளைகளான உங்களில் எத்தனை பேர் பால்வீதியைப் பார்த்திருப்பீர்கள்?

தண்ணீரை ஒட்டிய தளத்தில் அத்தைக்கு ஒரு பயம் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை 14ஆம் தேதி இரவு ஆர் நதி பெருகியது. முழங்கால் அளவு ஓடும் சிற்றாறு அது. அன்றிரவு பல மீட்டர் உயர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையில் இருந்த கேம்பிங் தளங்களும் போயின. தங்கியிருந்தவர்களைக் காப்பாற்றப் போன இளம் தீயணைப்பு வீராங்கனை ஒருத்தியும் உயிரை விட்டாள். ஆற்றங்கரைத் தளங்கள் அழகாக இருப்பதற்கும் ஆபத்தாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே: அவை ஆற்றின் சமவெளியில், ஆறு என்றோ ஒருநாள் எடுத்துக்கொள்ளும் நிலத்தில் இருக்கின்றன. ஆகவே போய்ச் சேர்ந்ததும் மேட்டுக்கு ஏறும் வழி எது என்று பார்த்து வை. ஜெர்மன் வானிலைத் துறையின் எச்சரிக்கைச் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள். இடியும் கனமழையும் என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று கிளம்பிவிடு. காற்றடிக்கும்போது பெரிய மரத்தின் கீழ் கூடாரம் கூடாது; வறட்சியில் காய்ந்த பீச் மரக்கிளைகள் காற்றே இல்லாதபோதும் முறிந்து விழும்.

ஏரிக்கரைத் தளம் என்றால் இன்னொன்று பார்க்க வேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் இடம் வாடகைக்குப் பிடித்து வண்டிவீடு நிறுத்தி, வேலி போட்டு, பூந்தொட்டி வைத்து வாழ்கிற நிரந்தர வாடிக்கையாளர்கள் உண்டு. டவர்கேம்ப்பர் என்று பெயர். பல தளங்களில் தண்ணீரை ஒட்டிய முதல் வரிசை அவர்களுடையது. இரண்டு நாளுக்கு வருகிறவர்களின் கூடாரப் புல்வெளி, செல்ட்வீஸே என்பார்கள், பின்புறம் சாலையோரம் இருக்கும். தளத்தின் இணையப் பக்கத்தில் மேலிருந்து பார்க்கும் வரைபடம் இருக்கும். அதில் கூடாரப் புல்வெளி எங்கே என்று கண்டுபிடி. குளியலறைக்கு எத்தனை தூரம், காலை வெயில் எந்தப் பக்கம், நிலம் சரிவா என்று பார். புரியவில்லை என்றால் போன் செய்து கேள். ஜெர்மன் தடுமாறினாலும் பரவாயில்லை. கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள்.

அடுத்தது தீ. அதைப் பற்றிச் சொல்லும்போது தேனிப் பக்கத்துக் குரங்கணி நினைவுக்கு வராமல் இருக்காது. 2018 மார்ச் 11ஆம் தேதி காய்ந்த புல் மலையில் தீ பரவி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பலர் உன் வயதுக்காரர்கள். காட்டுக்குள் போக முறையான அனுமதியும் வழிகாட்டியும் எதற்கு என்று தமிழ்நாடு அன்று கற்றுக்கொண்டது. ஜெர்மனியின் கோடையும் இப்போது அப்படிக் காய்கிறது. 2022 ஜூலையில் செக் எல்லையில் மூண்ட தீ சாக்சன் சுவிட்சர்லாந்துப் பாறைக் காடுகளுக்குள் புகுந்து வாரக்கணக்கில் எரிந்தது. பவேரியாவில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை காட்டில் புகைபிடிக்கத் தடை. காட்டிலிருந்து 100 மீட்டருக்குள் அனுமதியின்றித் தீ மூட்டக் கூடாது. மற்ற மாநிலங்களிலும் இதை ஒத்த விதிகள்தான். வானிலைத் துறை நாள்தோறும் காட்டுத்தீ அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணால் அறிவிக்கும். 4, 5 என்றால் கேம்பிங் தளத்திலேயே அடுப்புக்கரி மூட்ட விடமாட்டார்கள்.

அந்தச் சாக்சன் சுவிட்சர்லாந்துதான் உங்களுக்கு அத்தையின் முதல் பரிந்துரை. டிரெஸ்டனிலிருந்து எஸ்-பான் ரயிலில் எல்பே நதியோரமாகவே பாட் ஷாண்டாவ் வரை போகலாம். அங்கிருந்து கிர்னிட்ஷ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் 1898 முதல் ஒரு சிறிய டிராம் ஓடுகிறது. சாலை ஓரமாகவே ஆற்றையும் பாறைகளையும் உரசிக்கொண்டு ஏறும். வழியில் ஓஸ்ட்ராவர் ம்யூலே என்ற பழைய மாவரைக்கும் ஆலையை ஒட்டிக் கேம்பிங் தளம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதால் காலையில் வெயில் தாமதமாக வரும், இரவு ஆகஸ்டிலும் குளிரும். தூக்கப்பையை அதற்கேற்ப எடு. கூடாரத்திலிருந்து நடந்தே ஷ்ராம்ஸ்டைன் பாறைகளுக்கு ஏறலாம்.

பனிமூட்டத்துக்கு மேல் பாறையில் முதுகு காட்டி நிற்கும் மனிதனின் ஓவியத்தைப் பார்த்திருப்பாய். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ் 1818 வாக்கில் தீட்டியது, ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் இந்த மலைகளில் அலைந்து தனித்தனியே வரைந்து வைத்த பாறைகளை டிரெஸ்டன் அறையில் ஒன்றுசேர்த்து அந்த ஓவியத்தை உண்டாக்கினார். அந்தக் காட்சி முழுதாக எங்கும் கிடையாது. பாறைகள் மட்டும் தனித்தனியே அங்கங்கே இருக்கின்றன. தேடிக்கொண்டு நடப்பது ஒரு நாளைக்கு நல்ல வேலை.

பாறையின் கீழ் திறந்தவெளியில் படுப்பது அந்த மலையேறிகளின் பழைய வழக்கம், போஃபென் என்பார்கள். தேசியப் பூங்காவில் அதற்கென்று 58 இடங்களை மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். 2022இல் பிப்ரவரி 1இலிருந்து ஜூன் 15 வரை அதற்கும் தடை விதித்தார்கள், கருநாரையும் பெரிய ஆந்தையும் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால். பாறை ஏறுகிறவர்களுக்காக இருக்கும் சலுகை அது. தீ மூட்டக் கூடாது, கூடாரம் கூடாது. ஏறத் தெரியாத நீங்கள் அதை அவர்களுக்கே விட்டுவிட்டு ஆற்றங்கரைத் தளத்தில் தங்குங்கள்.

இரண்டாவது, மெக்லென்பர்க் ஏரிநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். அவற்றில் பெரியது ம்யூரிட்ஸ், சுமார் 117 சதுர கிலோமீட்டர். முழுவதும் ஜெர்மனிக்குள்ளேயே இருக்கும் ஏரிகளில் இதுவே பெரியது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வெளிநாடு போக வழியில்லாத மக்களுக்குக் கூடாரம்தான் கோடை. கடற்கரைத் தளங்களுக்கு அனுமதிச் சீட்டு வாங்கக் காத்துக் கிடந்தார்கள். அந்த வழக்கத்தின் மிச்சமாக இன்றும் அங்கே பைன் மரங்களுக்கு நடுவே, வேலி பிரிக்காத, எளிய தளங்கள் நிறைய. பெர்லின் வழியாக ரயிலில் க்ராட்ஸ்பர்க் வரை போனால், கேபலிக்ஸே ஏரியில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். அங்கிருந்து ஹாவல் ஆறு ஏரி ஏரியாகத் தொடுத்துக்கொண்டு தேசியப் பூங்காவுக்குள் ஓடுகிறது. கிரான்ஸின் ஆலைக்கு அருகே ஆற்றில் படகு போகாது. தண்டவாளத்தில் ஓடும் சிறு தள்ளுவண்டியில் படகை ஏற்றித் தள்ளி அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். நான்கு பேருக்கும் அந்த ஒரு வேலையே மறக்காது. கொசுவுக்கு மட்டும் மருந்து எடுத்துப் போங்கள்.

கடல் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தோழனுக்கு ஷ்பீகரோக் தீவு. அது இருக்கும் வட கடலின் சேற்றுக்கடல் 2009இல் உலகப் பாரம்பரியமானது. தீவில் கார் கிடையாது. மேற்கு முனையில் மணல்மேடுகளுக்கு நடுவே கூடாரங்களுக்கு மட்டுமான தளம். கப்பல் பெரும்பாலும் ஓதத்தைப் பார்த்துத்தான் கிளம்பும். அட்டவணை தினமும் மாறும். காற்று ஓயாது. மணலுக்கு நீளமான முளைகள் வேண்டும், சாதாரண ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும். ஓதம் இறங்கியதும் வழிகாட்டி இல்லாமல் சேற்றில் நடந்து போய்விடாதீர்கள். தண்ணீர் திரும்பும்போது பின்னாலிருந்தும் வரும்.

தேதி பற்றி: ஜெர்மன் மாநிலங்கள் பள்ளிக் கோடை விடுமுறையை ஒரே நேரத்தில் விடுவதில்லை. சாக்சனியின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பல ஆண்டுகளில் ஆகஸ்ட் நடுவுக்குள் முடித்துவிடும். பவேரியா ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்துச் செப்டம்பர் நடுவரை நீட்டும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சாக்சனியில் இடம் கிடைப்பதற்கும் கோனிக்ஸேயில் கிடைக்காததற்கும் அதுவே காரணம். ஆகவே இந்த ஆண்டு கிழக்குப் பக்கம் போங்கள், ஆல்ப்ஸை அடுத்த ஆண்டு ஜூன் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான தளங்களில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம், இரவு பத்துக்கு மேல் மறுபடி அமைதி. வரவேற்பறையும் மதியம் மூடியிருக்கும். அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வாசலில் காத்திருக்க வேண்டும். பாட்டும் ஸ்பீக்கரும் வேண்டாம். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் முதல் நாளுக்குக் கட்டிக்கொண்டு போங்கள். அடுத்த நாளிலிருந்து கேஸ் அடுப்பில் சமைக்கலாம். எத்தனை மழை பெய்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு போகாதே. மூடிய டென்ட்டில் எரியும் அடுப்பும், அணையாத கரியும் வெளிவிடும் வாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

உங்களில் நீச்சல் தெரிந்தவர் யார் யார் என்று நேர்மையாகப் பேசிக்கொள்ளுங்கள். 2024இல் ஜெர்மனியில் 411 பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி. அறிவித்தது. பெரும்பாலோர் கடலில் அல்ல, காவலர் இல்லாத ஏரிகளிலும் ஆறுகளிலும் போனவர்கள். மணல் தோண்டிய குளங்களில் கரையிலிருந்து இரண்டடி வைத்தால் தரை கிடையாது. மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்க, அடிநீர் பனியாக இருக்கும். சிவப்பு மஞ்சள் கொடி பறக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். துடுப்புப் படகில் ஏறினால் நீச்சல் தெரிந்தவனும் மிதவைச் சட்டை போட வேண்டும். அவசர எண் 112.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடக் கூடாது. புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணி மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பர்க், சாக்சனி மாநிலங்களின் பெரும்பகுதியை ராபர்ட் கோஹ் நிறுவனம் அபாயப் பகுதியாக அறிவித்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசிக்கும் இரண்டாவது ஊசிக்கும் இடையே ஒரு மாதமாவது விட வேண்டும், அதற்குப் பிறகு பலன் தர இரண்டு வாரம் ஆகும். உண்ணி கொண்டுவரும் இன்னொரு நோயான போரலியோஸிஸுக்கு இங்கே தடுப்பூசி கிடையாது; தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுமடலின் பின்புறம் எல்லாம் பார்த்து, ஒட்டியிருந்தால் சாமணத்தால் மெதுவாக இழுத்து எடுத்துவிட வேண்டும். இப்போது மே மாதம் நடக்கிறது. நான்கு பேரும் இந்த வாரமே குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஊசிச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அத்தை